டிரெய்லரில் வந்த நாற்காலி

நேற்றுக் காலை மகன் உங்கள் டிரெய்லரின் மூடியைத் திறந்தான். நீங்கள் போன பிறகு ஷார்ஜா முவைலாவின் வெயிலில் பூட்டியே கிடந்த பெட்டி. கிரீஸ் வாடை, சூடேறிய டயர் வாடை, அவற்றுக்கு அடியில் முட்டிவலித் தைலத்தின் வாடை. பக்கத்தில் நின்ற மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா வாசனை" என்றாள். என் முகம் சுண்டிப்போயிற்று. அது உங்கள் வாசனை இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்.

காலமெல்லாம் ஷார்ஜா கேரேஜில் அடுத்தவர் வண்டியைப் பழுது பார்த்தவர் நீங்கள். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பெரிய பைக்கை வாங்கிச் சரிசெய்து, தலை நரைத்த பிறகு ஓட்ட ஆரம்பித்தீர்கள். லீவு நாளில் உங்கள் பைக் கூட்டம் மலைப்பக்கம் கிளம்பும். குடும்பங்கள் பின்னால் கார்களில் வரும். நான் மட்டும் வரமாட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளாது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் நாலு பேர் முன்னால் நான் தலை குனிந்ததில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதப் பழக்கியதே நான்தான். அப்படிப்பட்டவளுக்கு முட்டி மடங்காது, மலையில் நீங்கள் தங்குகிற பண்ணைவீட்டுத் தரைக் கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதை மருமகளிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் மேற்கத்திய கக்கூஸ் இருந்ததால் யாருக்கும் தெரியவும் இல்லை.

நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் ஓட்டை வைத்த மடக்கு நாற்காலி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தீர்கள். காரில் வைத்தால் எல்லாரும் பார்ப்பார்கள். அதற்காகவே இரண்டு சின்னச் சக்கரங்களும் இரும்புக் குழாயும் தகர மூடியும் சேர்த்து, பைக்குக்குப் பின்னால் இழுக்கிற டிரெய்லரைச் செய்தீர்கள். நாற்காலிக்குக் கனமில்லை, வெறும் பெட்டியாக இழுத்தால் துள்ளும் என்று முன்பக்கம் வெளியே தண்ணீர் கேன்களைக் கட்டினீர்கள். "கனம் முன்னால இருக்கணும் புள்ள. பின்னால போச்சுன்னா வாலை ஆட்டி வண்டியவே கவுத்துரும்" என்று எனக்கு விளக்கம் வேறு. உள்ளே என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் டூல்ஸ் என்று ஒரே பதில்.

அப்புறம் நானும் காரில் வந்தேன். பண்ணைவீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், பாத்ரூமில் பூச்சி இருக்கா பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெட்ஷீட்டில் சுற்றிய பொட்டலத்தோடு எனக்கு முன்னால் உள்ளே போவீர்கள். வெளியே வந்து, "ஒண்ணும் இல்ல, போ" என்பீர்கள். மலைக்கு அந்தப் பக்கத்துக் கோர்பக்கான் கடலை நான் கண்ணால் பார்த்தது அப்படித்தான்.

பிறகு, மலைக்குப் போகிற மசாஃபி ரோட்டில் அந்தப் பஞ்சர். துபாய் தேராவில் கடை வைத்திருக்கிற நாகூர்த் தம்பியின் வண்டி. நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காற்றடிக்கிற பம்பைத் தேடி அவர் டிரெய்லரைத் திறந்துவிட்டார். அன்றைக்கென்று நீங்கள் பூட்டவில்லை. நான் பின்னால் மகனின் காரில், கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"டூல்ஸ்னு சொல்லிட்டு சிம்மாசனத்தையில்ல ஏத்திட்டு வர்றீங்க. யாருக்கு அண்ணே இது?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் கார்ப் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குத்தாம்பா. முட்டி தேஞ்சுபோச்சு. கீழ உக்காந்தா கிரேன் வச்சுத்தான் தூக்கணும்."

குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே இதைச் சொன்னீர்கள். சிரித்தவர்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எழுந்திருக்கும்போது ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகினீர்களே, அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து நீங்கள் சிம்மாசன அண்ணன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற, கூட்டத்தில் நீங்கள் குனிந்து ஒரு வண்டியையும் பார்க்கவில்லை. நின்றபடியே, இதைக் கழற்று, அதை முடுக்கு என்று சொல்வதோடு சரி. கை பரபரக்கிறதை நான் பார்ப்பேன். சுற்றுலா போன இடத்திலெல்லாம் காலை இழுத்து நடந்தீர்கள். மருமகள் பாவம், தைலம் வாங்கிவந்து கொடுத்தாள். அவள் எதிரில் உங்கள் நல்ல முட்டியில் தேய்த்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தியதும் மீதியை என் முட்டியில் தேய்த்துவிட்டீர்கள்.

ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நீ கடலைப் பாத்தியா இல்லியா?" என்றீர்கள். பார்த்தேன் என்றேன். உண்மையை நானே சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் என் வாயிலிருந்து வரவில்லை. நீங்கள் அதை எதிர்பார்த்தீர்களா என்று இன்றுவரை தெரியாது.

நேற்று உங்கள் நினைவாகக் கூட்டம் முழுக்க அதே பண்ணைவீட்டுக்குப் போனது. உங்கள் பைக்கை மகன் ஓட்டினான். டிரெய்லர் பின்னால் ஆடாமல் போயிற்று; கேன்களை முன்னால்தான் கட்டியிருந்தான். போனதும் நாகூர்த் தம்பி நாற்காலியை வெளியே எடுத்து, ஈச்சமர நிழலில் விரித்துவைத்து, அதற்கு ஒரு மல்லிகை மாலை போட்டார். உங்கள் பேச்சு ஆரம்பித்தது. கீழே உட்கார முடியாத அந்தக் காலோடு எத்தனை மலை ஏறினார் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்து, கடைசியில் கண் கலங்கினார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. "அது அவரோட நாற்காலி இல்ல தம்பி. என்னோடது. அவருக்கு முட்டி நல்லாத்தான் இருந்துச்சு."

நாகூர்த் தம்பி, "போன பிறகும் அண்ணனை விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறீங்களே அண்ணி" என்று மெதுவாகச் சொன்னார். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தானே அத்தை மாமாவுக்குத் தைலம் வாங்கிக் குடுத்தேன்" என்றாள். உங்கள் பொய்யும் உங்கள் வெல்டிங் மாதிரிதான். எந்தப் பக்கம் தட்டினாலும் விடவில்லை.

ஆனால் காலையிலிருந்து நானும் அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். எழுந்தேன். மாலையைக் கழற்றி உங்கள் பைக் ஹேண்டிலில் மாட்டினேன். நாற்காலியை மடக்கி இடுக்கிக்கொண்டேன்.

"எங்க அத்தை?"

"பாத்ரூமுக்கு."

அத்தனை பேர் பார்க்க, முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். வழியில் இரண்டு படி. சுவரைப் பிடித்து, மடங்காத காலைப் பக்கவாட்டில் தூக்கிவைத்துத்தான் ஏற வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தபோது நாகூர்த் தம்பி தலை குனிந்துகொண்டார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்காலிக்காக இல்லை. இந்த நாலு எட்டை நீங்கள் உயிரோடு இருந்தபோது நடந்திருந்தால், நீங்கள் ஆசைதீரக் குனிந்து வண்டி பார்த்திருப்பீர்களே என்றுதான்.

பாத்ரூம் வாசலில், பழக்க தோஷம், சற்றுநேரம் நின்றுவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒண்ணும் இல்ல என்று சொல்ல ஆள் இல்லை. நாற்காலியை நானே சுமந்துகொண்டு கதவைத் தள்ளினேன்.

மூலையில் ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.