நாற்பத்து நாலாவது விதி

1.6.2009, திங்கள்
கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. பாகாயத்திலிருந்து ஆம்பூர் வரை நின்றே பயணம். கால் வலி.

இன்று முதல் தோல் பாக்டரியில் புது புரோகிராம். 96இல் நான் எழுதியதை மதியம் நிறுத்திவிட்டார்கள். இனி தோல் ஒரு செக்‌ஷனிலிருந்து அடுத்ததற்குப் போக, மாஸ்டர்கள் அவரவர் இடத்திலிருந்தே இன்டர்நெட்டில் ஓகே கொடுக்கலாம். ஓகே சீட்டு வாங்க என் அறைக்கு வர வேண்டாம்.

எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்று அதைப் போட்டுக் கொடுக்க சென்னையிலிருந்து வந்த ரம்யாவைக் கேட்டேன். "எங்கேயோ ஓடுது மேடம், நமக்கு எதுக்கு அது?"

பழைய புரோகிராமின் விதிகளைக் கேட்டாள். நாற்பத்து மூன்று எழுதிக் கொடுத்தேன்.

2.6, செவ்வாய்
அறைக்கு வந்தவர்கள்: பெருக்குகிற அம்மா.

பதினொரு மணிக்குப் பழக்கதோஷத்தில் இரண்டு டீ சொல்லிவிட்டேன். பினிஷிங் மாஸ்டர் பாஷா பாய் பதின்மூன்று வருஷமாக அந்த நேரத்துக்குத்தான் சீட்டுக்கு வருவார். ஒரு டீ ஆறிப்போனது. என் அம்மா தவறிய பிறகு வீட்டில் பேச ஆளில்லை. இங்கேயாவது இருந்தது.

வாங்க: அம்மா போட்டோவுக்கு பல்பு. கால் தைலம்.

4.6, வியாழன்
எழுதிக் கொடுக்காத விதி ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் ஓகே வராவிட்டால் மேலே புகார் போகும் என்று எழுதினேன். வெள்ளி பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை மட்டும் போகாது என்பதை எழுதவில்லை. ஜும்மா தொழுகை. ஆம்பூரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லாத விஷயம், ரம்யாவுக்குத் தெரியாது.

மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. ஏதாவது சிக்கினால் என்னைத் தேடி வருவார்கள் என்று நினைத்தேன். சீ.

5.6, வெள்ளி
12.40க்கு பினிஷிங்குக்கு வந்த தோல் லாட். 1.40க்குப் புரோகிராமே புகார் அனுப்பிவிட்டது, மேனேஜருக்கும் வெளிநாட்டு கஸ்டமருக்கும். பாய் பள்ளிவாசலில். கஸ்டமர் காரணம் கேட்க, பாய்க்கு மெமோ. இத்தனை வருஷ சர்வீஸில் முதல் மெமோ.

நாலு மணிக்கு என் அறைக்கு வந்தார், பதில் எழுதித் தரச் சொல்லி. அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வேண்டுமென்றேதான் அந்த விதியை எழுதாமல் விட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் மெமோவை மடித்து மடித்துப் பிரித்தார். "ஒரு போன் போட்டிருந்தா நானே வந்துருப்பேனேம்மா. இதுக்கா இவ்ளோ பேஜாரு?"

எழுந்து போய்விட்டார். டீ குடிக்கவில்லை.

6.6, சனி
மேனேஜரிடம் நானே சொன்னேன். பாய் மெமோ ரத்து. எனக்கு ஒன்று. விதி 44 சேர்த்தாயிற்று.
பல்பு வாங்க மறந்தேன்.

12.6, வெள்ளி
மழை வரும் போல.

பதினொரு மணிக்கு பினிஷிங் செக்‌ஷனுக்கு போன் போட்டேன். பாய்தான் எடுத்தார். "ஹலோ, யாரு?" என்றார். வைத்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு அந்த ஒரு மணி நேரக் கணக்கு நின்றது, இரண்டரைக்குக் கிளம்பியது. விதி சரி. என் ஸ்கிரீனில் ஒரே வரி: உங்களுக்காக எந்த வேலையும் காத்திருக்கவில்லை.

டீ ஒன்றுதான் சொன்னேன்.