பிடிமானத்துக்கும் பிளவுக்கும் நடுவில் ஒரு சீட்டு

அன்பு மகளே,

நான் நலம். அம்மா என்னைவிட நலம், அதை என்னைத் திட்டுகிற குரலிலேயே தெரிந்துகொள்கிறேன். நீ, மாப்பிள்ளை, பேத்தி வாலு மூன்று பேரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் இங்கே எங்களுக்குச் சோறு இறங்கும். இந்தக் கடிதத்தில் உனக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். இதுவரை நான் கடைசியில் வருகிற சொல்லடைவு போட்டுக் கொடுத்த முந்நூற்றுப் பதினாறு புத்தகங்களின் மேலும், அவற்றில் எனக்குப் புரியாத பக்கங்களின் மேலும், அதாவது எல்லாப் பக்கங்களின் மேலும், ஆணையிட்டுச் சொல்கிறேன், இந்தக் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பமாட்டாய். இருந்தாலும் கடைசிவரை படி, பாதியில் மடித்து இழுப்பறையில் போட்டுவிடாதே. போன இரண்டு கடிதங்களுக்கும் அந்தக் கதிதான் என்று மாப்பிள்ளை அம்மாவிடம் சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே பாவம்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் வலது முழங்கால் இப்போது பரவாயில்லை, இடது முழங்கால் அதைப் பார்த்துப் பொறாமைப்பட ஆரம்பித்திருக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது, குழாய்க்காரர் மூன்று முறை வந்து மூன்று முறையும் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். எனக்கு ஆயிரத்து நானூறு பக்கத்தில் ஒரு மருத்துவப் புத்தகம் வந்திருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறிய தபால்காரர் அன்று முழுக்க வேறு வீட்டுக்குப் போகவில்லை, நம் வாசற்படியிலேயே குடியிருந்தார். அந்தப் புத்தகத்தைத் தொட்ட நாளிலிருந்து அஜீரணத்தில் தொடங்கி அகரவரிசை பிசகாமல் ஒவ்வொரு நோயாக எனக்கு வந்துகொண்டிருக்கிறது, நேற்று மூலம்வரை வந்தாகிவிட்டது. அம்மா, "'வா' வர்றதுக்குள்ள மூடி வைங்க, வாந்தியெல்லாம் அள்ள எனக்கு முதுகுல தெம்பு இல்ல" என்கிறாள். இதற்கு முன்னால் கொதிகலன்களைப் பற்றி ஒன்று போட்டேன், அதற்கும் முன்னால் ஓவியர்கள் குழைக்கிற வண்ணங்களைப் பற்றி ஒன்று. மருத்துவமோ பொறியியலோ கலையோ, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியாது. புத்தகத்தின் வாலுக்குச் சடை பின்னுகிறவனுக்கு அதன் மூளையோடு என்ன சகவாசம்.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது தொடங்கிய விளையாட்டு இது, நீ மறந்திருக்கமாட்டாய். சொல்லுக்கு ஒரு சீட்டு என்று எழுதிச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைப்பேன், நீ தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகக் கிளறுவாய். ஆயிரம் நிஜச் சீட்டுக்கு நடுவில் ஒரே ஒரு பொய்ச் சீட்டு இருக்கும். நீராவி இயந்திரப் புத்தகத்தில் 'கொதிப்பு: பார்க்க, அம்மா' என்று ஒளித்து வைத்ததற்கு எனக்கு இரண்டு வேளை சாப்பாடு கிடைக்கவில்லை. நீ கண்டுபிடித்ததும் "அப்பா, மாட்டிக்கிட்டீங்க!" என்று கூவுகிற கூவலில் எதிர்வரிசை வீடுகளில் பால் திரிந்துபோகும். பிறகு சீட்டை நாம் இரண்டு பேரும் சேர்ந்து கிழிப்போம். ஒரு சீட்டுகூட உன் கண்ணுக்குத் தப்பியதில்லை. விடுதிக்குப் படிக்கப் போன பிறகும் பட்டியலைத் தபாலில் அனுப்புவேன், மறுநாளே போன் வரும்.

ஆகையால் உன் புத்தகத்துக்கு, மென்மண்ணில் கட்டடம் நிற்பதைப் பற்றி நீ ஏழு வருஷம் உழைத்து எழுதிய புத்தகத்துக்கு, அடைவு போடுகிற பாக்கியம் கிடைத்தபோது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பிடிமானத்துக்கும் பிளவுக்கும் நடுவில் 'பிடிவாதம், ஆசிரியரின்: எல்லாப் பக்கங்களிலும்' என்று ஒன்றைச் செருகி உன் பார்வைக்கு அனுப்பினேன். அது 'சரி' என்ற ஒற்றைச் சொல்லோடும் உன் கையெழுத்தோடும் திரும்பி வந்தது. நீ பார்க்கவில்லை. ஒரு தோளில் காய்ச்சலோடு வாலு, மறு கையில் அச்சுத்தாள், அப்பா போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்தச் சீட்டை நான் அப்போதே எடுத்திருக்க வேண்டும். ஏன் எடுக்கவில்லை என்பதுதான் கதை.

எடுக்கத்தான் எடுத்தேன். அச்சகத்து ஆள் வந்து வாங்கிப்போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, கிழிப்பதற்கென்று அந்தச் சீட்டைத் தனியே மேஜையில் வைத்திருந்தேன். அப்போது அடித்தது ஒரு காற்று. மலைகள் அதைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டன. ஜன்னலைச் சாத்த எழுந்திருக்கலாம்தான், மடியில் போன் இருந்தது, எழ முடியவில்லை. இரண்டாயிரத்து முந்நூறு சீட்டும் ஜன்னல் வழியாகப் பறந்து தெருவை மூடிவிட்டன, பேருந்து நின்றுவிட்டது, ஓட்டுநர் இறங்கி இரண்டு கையிலும் பொறுக்கினார். தையல்காரர் ஓடி வந்து, "மாமா, உங்க நீர்க்கசிவு என் மிஷினுக்கு அடியில கெடந்துச்சு, புடிங்க" என்றார். முடிதிருத்துகிறவர், "இந்த வழுக்கல் நம்ம கடைக்குத் தானா வந்துச்சுங்க, இத நானே வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். ஒரு போலீஸ்காரர் நடுத்தெருவில் நின்று, "யாருய்யா இங்க இடிபாட்டைப் போட்டது?" என்று விசிலடித்தார். ஊரே பொறுக்கிக் கொடுத்த சீட்டுகளை அச்சகத்து ஆள் வாசலில் நிற்க நிற்க அவசரமாக அடுக்கினேன், அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக இந்தப் போக்கிரிச் சீட்டும் உள்ளே நுழைந்து பிடிமானத்துக்குப் பக்கத்தில் போய் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான்.

இதுவரை எழுதியதை அம்மா என் தோளுக்கு மேலாக நின்று படித்துவிட்டு, "இத அவ நம்பிடுவாளா?" என்றாள். "அவ விளையாட்ட விட்டு எத்தனையோ வருஷமாச்சு, நீங்க மட்டும் இன்னும் ஒளிஞ்சுக்கிட்டே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் குழாய்க்கு அடியில் வாளியை மாற்றி வைக்கப் போய்விட்டாள். அவளுக்கு முழங்கால்தான் சரியில்லை, பேச்சு நேராக வந்து நெஞ்சில்தான் உதைக்கிறது.

அந்தச் சீட்டு அப்படியே அச்சாகிவிட்டது. உங்கள் துறை இதழில் மதிப்புரை எழுதியவர் உன் ஏழு வருஷத்துக்கு நாலு வரியும் என் ஒரு வரிக்கு அரைப் பக்கமும் ஒதுக்கியிருந்தார், அதை உன் துறைத்தலைவர் கூட்டத்தில் வாசித்துக் காட்ட எல்லோரும் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஊரைச் சிரிக்கவைக்கத்தான் நான் பிறந்தேன் என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டு திரிந்தவன் நான். அந்தச் சிரிப்பில் மட்டும் என்னால் சேர முடியவில்லை. "அது அப்பாவோட செருப்புப் பெட்டி இல்லம்மா, என் பேரு போட்ட புத்தகம்" என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். அன்றிலிருந்து ஏழு மாதமாக நான் போனை எடுத்தால் "அம்மா இருக்காங்களா?" என்ற இரண்டு சொல்தான் எனக்குக் கிடைக்கிறது. அதுவும் மரியாதையாகத்தான் கேட்கிறாய், அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

போன வாரம் பதிப்பகத்திலிருந்து அந்த மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா போனில் பேசினார். உன் புத்தகம் மறுபடி அச்சாகிறதாம், சந்தோஷம். "அடைவ வேற ஆள வெச்சுப் போடச் சொல்லிட்டாங்க சார் உங்க பொண்ணு. அவங்களே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா உங்களோடத எடுத்துக்கறேன், மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்" என்றார். பழைய சீட்டு எதையும் தொடாமல் முதல் பக்கத்திலிருந்து புதிதாகப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஒரு விபரீதம் நடந்தது, பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்தேன். கட்டடம் முழுக்க ஒரே சீராக இறங்கினால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறங்கும்போதுதான் சுவர் பிளக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'சமமற்ற இறக்கம், 188' என்று மட்டும் சீட்டில் எழுதினேன், வேறொன்றும் சேர்க்கவில்லை, கை துறுதுறுத்தது, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். பொய்ச் சீட்டு எதுவும் இதில் இல்லை. அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு முறை தேடிவிட்டாள். உனக்கு மனம் ஒப்பவில்லையென்றால் கையெழுத்துப் போடவேண்டாம், வேறு ஆள் போடட்டும், ஒரு மனத்தாங்கலும் இல்லை, புத்தகம் வந்ததும் முதல் ஆளாகப் போய் வாங்குவேன். ஆனால் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுப் போடு. யாரையும் நம்பிப் போடாதே, முக்கியமாக அப்பாவை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ஈரத்தலையோடு படுக்காதே. வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே, அந்த ஓட்டை வழியாக அவள் சிரிக்கிற படம் ஒன்று அனுப்பு. நீ நூறு புத்தகம் எழுதவேண்டும், அவற்றை வைக்க உன் வீட்டில் இடம் போதாமல் போகவேண்டும், நீ சொன்னபடி கட்டிய கட்டடம் எல்லாம் நான் போன பின்னும் சாயாமல் நிற்கவேண்டும். மாசக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
ஊருக்கெல்லாம் மாமா, உனக்கு மட்டும் அப்பா.

பி.கு. அம்மா சொன்னது சரி. அன்றைக்குக் காற்று அடிக்கவில்லை, இலைகூட அசையவில்லை. பேருந்து நிற்கவில்லை, தையல்காரர் ஞாயிற்றுக்கிழமை கடையே திறப்பதில்லை. சீட்டு பெட்டியில் தன் இடத்திலேயே இருந்தது, நான்தான் எடுக்கவில்லை. வேலையும் பிள்ளையுமாக நீ என்னோடு பேசி அன்றோடு ஒன்பது ஞாயிற்றுக்கிழமை ஆகியிருந்தது. சரி என்று எழுதி அனுப்பியிருந்தாலும் கடைசி நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டு, "அப்பா, மாட்டிக்கிட்டீங்க" என்று கூப்பிடுவாய் என்று, அச்சகத்து ஆள் வந்து மணியடிக்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையில் ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். மடியில் போன் இருந்தது.