மெயினை அணைத்த பிறகும்

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் கூட்டம். படிப்பையும் வேலையையும் ஒரே ஏணியில் ஏற்றுவதுதான் எங்கள் அலுவலகத்தின் பணி. எந்தத் தொழிலுக்கு எந்த நிலை, அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எல்லாம் நாங்கள் எழுத வேண்டும். என் பங்குக்கு வந்தது எலக்ட்ரீஷியன் தொழில்.

“உங்க சான்றிதழை நம்பி ஆள் எடுத்தா, ஃப்யூஸ் போடக்கூட நாங்கதான் சொல்லித்தர வேண்டியிருக்கு” என்றார் கம்பெனிக்காரர். “உங்களுக்கு என்ன வேணும்னு எங்ககிட்ட எப்ப சொன்னீங்க?” என்றார் பயிற்சிக் கல்லூரி முதல்வர். நடுவில் நான், இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம்.

ஒரு வரியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மெயினைத் தானே அணைத்திருந்தாலும், கம்பியைத் தொடுமுன் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். தவறினால் தேர்வில் தோல்வி, மற்ற மதிப்பெண் செல்லாது. “நேர விரயம்” என்றார் கம்பெனிக்காரர். எனக்கு ஏணி மேல் நின்று வயரிங் செய்யும் என் வீட்டுக்காரர் முகம்தான் தெரிந்தது.

மார்ச் 11
அந்த வரி கூட்டத்தில் நிறைவேறியது. இவரிடம் சொன்னேன். “மெயினை ஆஃப் பண்ணதே நான்தானே, ஆபீசரம்மா? என்னையே நான் சந்தேகப்படணுமா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் 9
கான்ட்ராக்டர் சொல்லிவிட்டாராம்: இனி மூன்றாம் நிலைச் சான்றிதழ் இருந்தால்தான் சைட்டுக்குள் விடுவார்கள். இவருக்கு அனுபவம் இருக்கிறது, காகிதம் இல்லை. வகுப்புக்குப் போகாமல் நேரே செய்முறைத் தேர்வுக்குப் போகும் வழி உண்டு. விண்ணப்பித்தாயிற்று. “பரீட்சைக்கு விதி எழுதினவளே வீட்ல இருக்கா, என்ன கவலை?” என்றார் மாமியார். சிரிப்பு வரவில்லை. இவர் தேர்வு பக்கமே நான் போகக்கூடாது என்று ஆபீசில் மேடம் சொல்லிவிட்டார்.

ஜூன் 20
நாளை தேர்வு. மகள் குட்டிக்குச் சளி. அவள் தூங்கிவிட்டாள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஜூன் 21, சனி
ஃபெயில்.
வேலை சுத்தமாம். தேர்வாளரே பாராட்டினாராம். ஆனால் மெயினை அணைத்ததும் நேரே கம்பியில் கை. அந்த ஒரு வரி. என் வரி.
“இத்தனை வருஷத்துல ஒரு தடவை ஷாக் அடிச்சிருக்கா எனக்கு? ஒரு வார்த்தை சொல்லேன் அவங்ககிட்ட.”
எப்படிச் சொல்வேன்?
“ஊருக்கு வேலி போட்டா. முதல் முள்ளு புருஷன் கால்ல” — மாமியார், குட்டியிடம் சொல்வதுபோல.

ஜூன் 27
தட்டை வைத்தால் இவர் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். சைட்டில் வேலை இவர் இல்லாமலே நடக்கிறது.
மேடம் கூப்பிட்டுக் கேட்டார்: “அனுபவம் இருக்கிறவங்களுக்கு அந்த வரியைத் தளர்த்தச் சொல்லி கம்பெனிக்காரங்க மறுபடி கேக்கறாங்க. நீயும் சரின்னா போயிடும். என்ன சொல்ற?”
யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என்ன யோசிக்க? அனுபவம் இருப்பவர்தானே பார்க்காமல் கை வைக்கிறார்? இல்லை, வீம்பா எனக்கு? சாமி, ஒண்ணும் புரியல.

ஜூலை 2
தளர்த்த வேண்டாம் மேடம், வரி அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து இவரிடமும் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூலை 13, ஞாயிறு
குட்டி தூங்கும் அறையில் ஸ்விட்ச் உடைந்து, அவள் விரல் நுழையும் அளவு ஓட்டை. இவர் மெயினை அணைத்தார். ஃபேன் நின்றதும் மாமியார் புலம்பத் தொடங்கினார். இவர் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தார், ஸ்க்ரூடிரைவரோடு கொஞ்சம் நின்றார். பிறகு திரும்பிப் போய்ப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துவந்து ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பார்த்தார்.
“நீதானேடா ஆஃப் பண்ணின? இன்னும் என்னத்தைத் தேடற?”
“இருக்கட்டும்மா.”
என் பக்கம் திரும்பவே இல்லை. “டார்ச்சைக் கொஞ்சம் கிட்ட பிடி, ஆபீசரம்மா” என்றார்.
பிடித்தேன்.