சனிக்கிழமை முறை

டேய், இன்று காலை கம்ப்யூட்டரிலிருந்து நம் கார்டைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்தேன். வெள்ளையாகத் தூசி கொட்டியது. உங்கள் அரியலூர் சிமெண்ட் லாரித் தூசிதான். மூக்கில் ஏறியதும் மூன்று தும்மல். போன பிறகும் நீ என்னை வம்புக்கு இழுப்பதை விடவில்லை.

எட்டாவது முடித்த லீவில் இந்த கிராபிக்ஸ் கார்டை வாங்கினோம். பெரம்பலூர் கடையில் புதுசின் விலையைக் கேட்டேன். "ஒரு கறவ மாடே வாங்கிடலாம்டா" என்றேன். "மாட்டுல கேம் ஆட முடியாதே" என்றாய். இருவரும் சின்ன வெங்காயம் அறுத்த கூலியைச் சேர்த்தும், யாரோ ஆடிக் களைத்த பழைய கார்டுதான் கைக்கு எட்டியது. கடைக்காரர் சிரித்தார்: "ரெண்டு வருஷம் ஓடுனா அதிசயம், தம்பிங்களா."

கார்டு ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு. "ஒங்க பங்காளிங்க கெணத்து மோட்டாருக்கு மொற வச்சிருக்காங்கல்ல? அதே மாதிரி வாரம் ஒருத்தர்" என்று தீர்ப்புச் சொன்னாய். உன் அப்பாவுக்கு அரியலூரில் லாரி ஓட்டும் வேலை கிடைத்து நீங்கள் வீடு மாறினீர்கள், முறை மாறவில்லை. சனிக்கிழமை நீ அங்கிருந்து, நான் இங்கே பெரம்பலூரிலிருந்து, நடுவில் குன்னம் பஸ் ஸ்டாண்ட். உன் அப்பாவின் பெரிய டிபன் பாக்ஸில், துண்டு சுற்றிக் கைமாற்றுவோம். ஒருதடவை வீட்டுக்கு வந்து ஆசையாகத் திறந்தால், உள்ளே முழுக்கச் சின்ன வெங்காயம்! போன் போட்டேன். "உரிச்சுப் பாருடா, உள்ள இருக்கும்" என்றாய்.

ஆவணியில் காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

அந்த வாரம் கார்டு என்னிடம் இருந்தது. அடுத்த சனிக்கிழமை உன் முறை. யாரும் கேட்கப் போவதில்லைதான். ஆனாலும் முறை முறைதானே? அப்போது பார்த்து கார்டின் ஃபேன் நின்றுவிட்டது. அதே கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார்: "ஆயுசு முடிஞ்சுது தம்பி. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு."

உன் சாவிலும் கேட்ட அந்த வார்த்தையை ஒரே வாரத்தில் இரண்டு தடவை கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினேன். சூட்டைக் கடத்தும் பசை காய்ந்திருந்தது, அதைச் சுரண்டிப் புதிதாகத் தடவினேன். ஃபேன் அச்சில் அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. நீ இதைச் செய்யும்போது டார்ச் பிடித்துக்கொண்டு நக்கலடித்தவன் நான். இப்போது டார்ச் என் வாயில் இருந்ததால் நக்கலுக்கு வழியில்லை. மூன்றாவது முயற்சியில் சுற்றியது.

பாக்ஸோடு முதல்முறையாகக் குன்னத்தில் இறங்காமல் அரியலூர் வரை வந்தேன். உன் தங்கை பாக்ஸைத் திறந்து, "வெங்காயம் இல்லியாண்ணே?" என்றாள். அவளே உன் கம்ப்யூட்டரில் செருகினாள். ஃபேன் இரைந்தது. அடுப்படியிலிருந்து உன் அம்மா ஓடிவந்து கதவோரம் நின்றார்.

"இந்த எரைச்சல் இல்லாம வூடு வூடாவே இல்லப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த சனிக்கெழம ஒன் மொறதான? பாப்பா கொண்டாந்து தருவா."

குன்னத்துக்குக் கொண்டுவந்தாள். பாக்ஸ் கனத்தது. பஸ் நகர்ந்ததும் திறந்தேன்: சின்ன வெங்காயம்! ஜன்னலுக்கு வெளியே கார்டை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள், அப்படியே உன் சிரிப்பு. பக்கத்து சீட்டுக்காரர் என் கலங்கிய கண்ணைப் பார்த்தார், வெங்காயத்தைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். நான் இறங்கவில்லை. அந்த வாரமும் உன் முறையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்கும் உன் முறைதான். கார்டைத் துண்டில் சுற்றிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு நேர்வழி இருக்கிறது. நான் அந்தக் கடை வழியாகத்தான் போவேன், பாக்ஸை ஆட்டிக்கொண்டு. இரண்டு வருஷம் என்றாரே, இது நாலாவது.