இரண்டு ஹாரன்

திருவள்ளூர்
20.8.2025

சிரஞ்சீவி பென்னிக்கு எம்பார் அநேக ஆசீர்வாதம்.

உன்னைவிட நான் நாற்பது நாள் பெரியவன். அதனால் ஆசீர்வாதம் செய்ய எனக்கு உரிமை உண்டு. இங்கே என்னைத் தவிர எல்லோரும் க்ஷேமம்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போன வாரம் நாம் போனில் போட்ட சண்டை மூன்று வீடு தள்ளிக் கேட்டதாம். "இனிமே உங்க ஃப்ரெண்டோட சண்டை போடணும்னா எழுதித் தொலையுங்கோ" என்று என் அகமுடையாள் ஹேமாம்புஜம் சொல்லிவிட்டாள். எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, உன்னால் குறுக்கே பேச முடியாது.

மே மாதம் சரணாகதியைப் பற்றி நான் செய்த உபன்யாசம் உனக்குத் தெரியும். "சரக்கு அடுக்கிய மரப் பலகை தானாக ஏறி வருவதில்லை. ஃபோர்க் லிஃப்ட்தான் தன் இரண்டு கைகளையும் தரைமட்டத்துக்குத் தாழ்த்தி, அடியில் புகுந்து தூக்குகிறது. பகவானும் அப்படித்தான்" என்றேன். நாற்பதாயிரம் பேர் யூடியூப்பில் பார்த்தார்கள். பால்காரர்கூட என்னை ஃபோர்க் லிஃப்ட் சாமி என்கிறார்.

இப்போது என் மாமனார் ஜனார்தனன் அதே யூடியூப்பில் உன் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டார். அதிலும் அதே வண்டி, அதே பலகை! நான் பேசுகிற சபைக்கு அவர்தான் தலைவர். "என்ன மாப்ளே, சர்ச்சுல சொன்னதை எடுத்துண்டு வந்து பெருமாள் முன்னாடி சொல்லியிருக்கேளே" என்று நாலு பேர் நடுவில் கேட்டார். புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு வேறு ஆளைப் பார்க்கப்போகிறாராம். பதினோரு வருஷமாக அது என் சனிக்கிழமை.

அதனால் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. "இந்த உவமை எம்பாருடையது, நான் எடுத்துக்கொண்டேன்" என்றால் போதும். எட்டாம் வகுப்பு முழுக்க என் டிபன் பாக்ஸிலிருந்த புளியோதரையைத் தின்றவன் நீ. உவமையையாவது விட்டுவைக்கக் கூடாதா?

உன் அகமுடையாள் ஷைனிக்கு என் விசாரிப்பு.

அன்புள்ள,
எம்பார்


கும்மிடிப்பூண்டி
25.8.2025

கர்த்தருக்குள் பிரியமான எம்பாருக்கு,

உன் கடிதம் வந்தது. ஷைனி சத்தமாக வாசித்துக் காட்டினாள். புளியோதரை வந்த இடத்தில் அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. அந்தப் புளியோதரைக்குப் பதிலாக வருஷம் முழுக்க உனக்குக் கணக்கு வீட்டுப்பாடம் போட்டுக்கொடுத்தவன் யார்?

அந்த ஒரு வரியை நான் எழுதப்போவதில்லை. உண்மையில் அதே வரியை நீ எனக்கு எழுதித் தர வேண்டும் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எங்கள் சபைச் செயலாளர் அன்புராஜ் உன் உபன்யாசத்தைப் பார்த்துவிட்டார். "இன்னா பிரதர், ஆவியானவர் குடுத்தார்னு சொன்னீங்க. அத்த அந்த ஐயரு மே மாசமே சொல்லிகீறாரு, நீங்க ஜூன்ல சொல்றீங்க" என்று கமிட்டியில் எழுந்து நின்று கேட்டார். செப்டம்பர் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் பதில் சொல்லாவிட்டால் மேடை ஏறக் கூடாதாம்.

நான் பட்டம் வாங்கிய போதகன் இல்லை. வாரத்தில் ஆறு நாள் தேர்வாய் கண்டிகை ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை அந்த முப்பது நிமிஷம்தான் நான் மனுஷனாக இருக்கிறேன். அது போய்விட்டால் எனக்கு மிச்சம் சரக்கு ரிஜிஸ்டர்தான்.

நான் அதை முதலில் சொன்னது ஜூனில் இல்லை, மார்ச்சில், எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில். ஷைனி சாட்சி. கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று உள்ளே ஒரு குரல் சொன்னது. நீ ஃபோர்க் லிஃப்டை எங்கே பார்த்தாய், சொல்லு? வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு நான்தான் உன்னை எங்கள் கம்பெனிக்குக் கூட்டி வருகிறேன். வண்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டு ஒரு பை பொரியோடு திரும்பிப் போகிறாய்.

அந்த வரியை எழுதி அனுப்பு. உன் சமாதானத்துக்காக ஜெபிக்கிறேன்.

உன் பென்னி


திருவள்ளூர்
30.8.2025

ஸ்ரீ பென்னி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் ஜெபமும் வந்து சேர்ந்தது. வந்த அன்றே எனக்குப் பல்வலி ஆரம்பித்தது.

எனக்கு அந்த உவமை எப்போது வந்தது என்று தேதி, இடத்தோடு சொல்கிறேன். ஏப்ரலில் திருநின்றவூரில் ஒரு புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம் செய்துவிட்டு மின்சார ரயிலில் நின்றுகொண்டு வந்தேன். சரியான கூட்டம். தலைக்கு மேலிருந்த ஃபேன்கூட ஓடவில்லை. அந்தப் புழுக்கத்தில், மேலேயிருந்து யாரோ போட்ட மாதிரி, முழுசாக வந்து விழுந்தது. ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை. அது ஆசார்யன் அனுக்கிரகம் இல்லையென்றால் வேறு என்ன?

ஒரே ஒரு அத்தாட்சி போதும். தூக்குவதற்கு முன்னால் வண்டி இரண்டு முறை ஹாரன் அடிக்கும் என்று சொன்னேன். எங்கள் மந்திரத்துக்கு இரண்டு வாக்கியம், அதனால் இரண்டு ஹாரன் என்று விளக்கினேன். கூட்டம் கைதட்டியது. உங்கள் பிரசங்கத்தை நேற்று முழுசாகக் கேட்டேன். இரண்டு ஹாரன் அதிலும் இருக்கிறது! பழைய ஏற்பாடு ஒன்றாம், புதிய ஏற்பாடு ஒன்றாம். வெட்கமாக இல்லையா உங்களுக்கு? பலகையும் வண்டியும் யாருக்கு வேண்டுமானாலும் தோன்றும். ஹாரன் எப்படித் தோன்றும்?

ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வேறு வாத்தியாரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருஷம் வந்தேன், போதும். சிநேகிதத்தையும் அதோடு முடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
எம்பார்
(உபன்யாசகர்)


கும்மிடிப்பூண்டி
8.9.2025

எம்பாருக்கு,

'ஸ்ரீ', 'அவர்கள்' எல்லாம் போட்டு என்னைக் கொன்றுவிட்டாய். முதலில் கோபத்தில் கிழிக்கப் பார்த்தேன். ஷைனி பிடுங்கி வைத்தாள். ராத்திரி படுத்த பிறகுதான் அந்த ஹாரன் உறைத்தது.

எங்கள் கம்பெனியில் ஃபோர்க் லிஃப்ட் ஒரு முறைதான் ஹாரன் அடிக்க வேண்டும். அதுதான் விதி, சுவரிலேயே எழுதியிருக்கிறது. பெரிய ஆப்பரேட்டர் மணிகண்டன் ஒன்றுதான் அடிப்பான். இரண்டு அடிக்கிற ஆள் ஒருத்தர்தான், எங்கள் செண்பகம். போன ஆயுத பூஜை அன்றுதான் அவள் முதல் முதலாக வண்டி ஓட்டினாள். அன்று நீயும் இருந்தாய்.

உன் மரப் பலகையை எங்கள் ஸ்டோர்ஸில் பேலட் என்போம். மறுநாள் டீ நேரத்தில் அவளிடம் போய், "பேலட், வண்டி, அடியில் புகுந்து தூக்குறது, இதெல்லாம் நீ எப்பவாவது சொன்னியாம்மா?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவேயில்லை.

"நான்தானே சார் சொன்னேன்! ஐயரும் நீங்களும் வண்டியாண்ட நின்னு பொரி துன்னுக்கினு இருந்தீங்க. பேலட்டு ஏறியா வருது, வண்டிதானே குனிஞ்சு அடில பூந்து தூக்குதுன்னேன். ரெண்டு பேரும் கரெக்ட்டு கரெக்ட்டுன்னு தலையாட்டிட்டு, மழை வருமான்னு பேசிக்கினே பூட்டீங்க."

அதுதான் எம்பார் நடந்தது. உன் ரயிலும் என் பஸ் ஸ்டாப்பும் அப்புறம் வந்தவை. நீ என்னிடம் திருடவில்லை, நான் உன்னிடம் திருடவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆளிடம் திருடியிருக்கிறோம்.

ஹாரனைப் பற்றியும் கேட்டேன். "ஒண்ணு மனுசாளுக்கு சார். இன்னொண்ணு நாய்க்கு. பேலட்டுக்கு அடில ஒரு கறுப்பு நாயி படுத்துக்கினு கீது. ஒரு ஹாரனுக்கு எந்திரிக்கவே மாட்டேன்னுது" என்றாள். உன் மந்திரத்தையும் என் இரண்டு ஏற்பாட்டையும் நினைத்துக்கொண்டேன். சிரித்துச் சிரித்து டீ மூக்கில் ஏறிவிட்டது.

அப்புறம் கேட்டேனே, அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். உனக்கு இந்த யோசனை எங்கேயிருந்து வந்தது என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு பூஜைக்கு எல்லாரும் அந்த இரும்பு மேடை மேல நின்னுக்கினு இருந்தீங்க. நான் வண்டிய கழுவிட்டு கீழயே நின்னேன். ஏறாதேன்னு யாரும் சொல்லல. ஏறுன்னும் யாரும் சொல்லல. எங்க நைனா கழனி வேலைக்குப் போன ஊட்ல பின்பக்கமா நின்னுதான் எதுனா வாங்குவாரு. எனக்கும் அதே மாதிரி கால் ஏறவே இல்ல சார். அப்போ ஐயரு தீபாராதனத் தட்ட எடுத்துக்கினு, மேல இருக்கிறவங்கள வுட்டுட்டு, நேரா எறங்கி வந்து என் முன்னால நின்னாரு. அப்பால நீங்க வந்து வண்டி சாவிய என் கைல குடுத்தீங்க. வண்டில ஏறி குந்தி, வண்டியோட போர்க்கு கைய கீழ எறக்கும்போது அதான் தோணிச்சு. நீங்க ரெண்டு பேரும் செஞ்சதத்தான் சார் நான் சொன்னேன்."

நன்றி வேறு சொன்னாள். அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். அவளுக்கு லைசன்ஸ் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமும் சாவியை நான் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு, "பார்க்கலாம்மா, பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் மேலே யார் பதில் சொல்வது என்ற பயம். அன்று மணிகண்டன் லீவு. வாசலில் லாரி நின்றது. வேறு வழியில்லாமல் கொடுத்தேன்.

நேற்று ஆராதனையில் இதை எல்லாம் சொல்லிவிட்டேன், சாவி விஷயம் உட்பட. "செண்பகம்னா எந்த சபை பிரதர்?" என்று அன்புராஜ் கேட்டார். ஸ்டோர்ஸ் என்றேன். ஷைனி மட்டும் ஆமென் என்றாள். அடுத்த வாரமும் என்னையே பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

நீயாவது அன்று நிஜமாகவே இறங்கி வந்தாய். எனக்கு உன்மேல் பொறாமையாக இருக்கிறதடா.

உன் பென்னி


திருவள்ளூர்
22.9.2025

என் பென்னிக்கு,

பல்வலி போய்விட்டது. 'அவர்கள்' போட்டதற்கு மன்னித்துவிடு. ஹேமாம்புஜம் அந்தக் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு ரசம் மட்டும்தான் போட்டாள்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் போனேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சர்ச்சோ ஃபாக்டரியோ, எங்கேர்ந்து வந்தா என்ன மாப்ளே? நம்ம பெரியவா எல்லாம் ஒரு வார்த்தை சொன்னாலும் இது இன்னார் சொன்னதுன்னு பேரைச் சொல்லிட்டுத்தான் சொல்லுவா. நீங்க பேரை விட்டுட்டேள். அதான் தப்பு" என்றார். முதலில் நாலு பேர் நடுவில் என்னைக் கேட்டதை அவர் வசதியாக மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

சனிக்கிழமை எனக்கே கிடைத்தது. "தேர்வாய் கண்டிகை செண்பகம் சொல்லுவாள்" என்று ஆரம்பித்து உவமையைச் சொன்னேன். நாயையும் விடவில்லை. கூட்டம் சிரித்தது, மாமனார்கூட. ஆனால் அவள் உன்னிடம் சொன்ன அந்தக் கடைசிப் பகுதியை, நான் இறங்கி வந்ததை, நான் சொல்லவில்லை. ஏன் என்று உனக்குத்தான் எழுத வேண்டும். இரண்டு வாரமாக எழுதாமல் இருந்தது அதனால்தான்.

பென்னி, அன்று எனக்குக் கால் சுட்டது.

நண்பகல், இரும்புத் தகடு, வெறுங்கால். மந்திரத்தைப் பாதியில் நிறுத்தவும் முடியாது, குதிக்கவும் முடியாது. இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் எல்லோரும் அதை பக்தி என்று நினைத்திருப்பீர்கள். கீழே பார்த்தேன். வண்டி கழுவிய தண்ணீர் தரையில் ஈரமாகக் கிடந்தது. அதை மட்டும்தான் பார்த்தேன். கற்பூரத்தைக் கொளுத்தியதும் மேலே இருந்தவர்களுக்குக்கூடக் காட்டாமல் நேராக அந்த ஈரத்துக்கு இறங்கினேன். கால் குளிர்ந்ததும்தான் எதிரில் ஒரு பெண் நிற்பது தெரிந்தது. கையில் தட்டு இருந்தது, நீட்டினேன். அவள் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

அவள் அப்பாவின் கதையிலிருந்து இன்றுவரை அவள் மனசில் என்னவெல்லாம் இருந்திருக்கிறது, என் தரப்பில் காலில் ஒரு கொப்புளம்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு உவமை பிறந்து, அதை நான் ரயிலில் ஆசார்யன் அனுக்கிரகம் என்று எடுத்து, நாற்பதாயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது பென்னி. அனுக்கிரகம் இப்படியும் வரும் என்று மாமனார் சொல்வார், அவரிடம் கேட்கத் தைரியம் இல்லை.

இதை அவளிடம் சொல்லாதே. நானே சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. ஒன்றாம் தேதி ஆயுத பூஜையைக் காலை ஏழு மணிக்கு வை. தகடு சில்லென்று இருக்க வேண்டும். வண்டியை முதல் நாளே கழுவிவிடச் சொல், தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. அப்போது நான் இறங்குகிறேனா இல்லையா என்று நீ பக்கத்தில் நின்று பார். அவள் என்னை ஐயர் என்று சொன்னால் திருத்த வேண்டாம். உன்னையும்தான் சொல்கிறேன், இந்த வருஷம் சாவியை லாரி வருவதற்கு முன்னால் கொடு.

இதைப் படித்துக் காட்டியபோது ஹேமாம்புஜம் ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பொண்ணு இந்த வருஷம் தானே மேடை ஏறி நின்னுட்டா என்ன பண்ணுவேள்?"

ராத்திரி முழுக்க யோசித்தேன். அப்படி அவள் ஏறிவிட்டால், தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் கீழே போய் நிற்கிறேன். எனக்குக் காட்டச் சொல்.

உன்,
எம்பார்