அடுப்படிப் பலகை

கொத்தனார் பழைய சமையல் மேடையை உடைத்துப் போட்டுவிட்டு, உன் பலகையைத் தூக்கிக் காட்டினார். "இது வேணுமாண்ணே, இல்ல வெறகுக்குப் போட்டுரலாமா?" என்றார். அடியில் கட்டை அடித்து, நீ ஏறி நின்று சமைத்த பலகை. தண்ணீரும் எண்ணெயும் ஊறிக் கறுத்து, உன் பாதம் பட்ட இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. வாங்கிக்கொண்டு போய்க் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். பூட்டி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்காதே.

ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகே மூன்று தடவை எழுந்து போய் அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வீடு கட்டிய சமயம் நினைவிருக்கிறதா? மேடைக்குக் கடப்பா கல் வந்து இறங்கிய காலையில், உயரம் குறிக்க அன்றைய கொத்தனார் ஆள் கேட்டார். "வீட்டுக்காரரே, வந்து நில்லுங்க" என்றார். நானும் பெரிய மனிதன் மாதிரி போய் நின்றேன். என் இடுப்புக்கு நேராகச் சுவரில் கரிக்கோடு இழுத்தார். ஒரு டீ போடத் தெரியாத எனக்கு அளவு! நீ வேலை செய்பவர்களுக்குச் சுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். என் தோளுக்குக்கூட எட்டாதவள். கோட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாய்.

அப்போதே ஏன் வாயைத் திறக்கவில்லை? ஒரு கட்டுக் கீரைக்குச் சந்தையே திரும்பிப் பார்க்கப் பேசுகிறவள்தானே நீ. இதை நினைத்தால் உன்மேல்தான் கோபம் வருகிறது. வந்த வேகத்திலேயே, நீ சொல்லத்தான் செய்தாய் என்பதும் நினைவுக்கு வந்துவிடுகிறது. பால் காய்ச்சிய மறுவாரமே, "உங்க இடுப்புக்கு அளந்துட்டாக, நான் எக்கி எக்கிச் சமைக்கேன்" என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்துத் தொலைத்தாய்.

அதற்குப் பிறகு நீ கேட்டபோதெல்லாம், "சீசன் முடியட்டும்" என்றேன். சீசனில் டாக்ஸியை விட்டு இறங்க எனக்கு நேரமிருக்காது என்பது உண்மைதான். சீசன் முடிந்தால் மழை பிடித்துக்கொள்ளும், சிமெண்டு காயாது. மழை விட்டால் பனி. பனி போனால் மறுபடியும் சீசன். வேலையைத் தள்ளிப் போடுகிறவனுக்குக் கொடைக்கானலில் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. கடைசியில் நீயே மரக்கடைக்குப் போய் இந்தப் பலகையைச் செய்து வாங்கி வந்தாய். "இனி உங்க சீசன் மெதுவா முடியட்டும்" என்றாய்.

நீ போன பிறகு நானே பொங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன். முதல் நாள் வெங்காயம் நறுக்க, பலகையைக் காலால் தள்ளிவிட்டு நின்றேன். மேடை எனக்குக் கச்சிதமாக இருந்தது. முதுகு வளையவில்லை, தோளைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. பலகை வருவதற்கு முன்பிருந்தே தினமும் உன் தோளுக்கு யூகலிப்டஸ் தைலம் தேய்த்துவிட்டவன் நான். குளிருக்குத்தான் வலிக்கிறது என்று நினைத்திருந்தேன். கத்தியை வைத்துவிட்டு அழுதேன். வெங்காயத்தின்மேல் பழி போடலாம் என்றால் பார்க்க ஆள்கூட இல்லை.

இந்த வருஷம் கடப்பா கல்லில் விரிசல் விழுந்து தண்ணீர் ஒழுகியது. மாற்றியே ஆகவேண்டும் என்று நம் மகள் ஸ்டெல்லா வில்பட்டியிலிருந்து வந்து ஒற்றைக் காலில் நின்றாள். வத்தலக்குண்டுக் கல் கடைக்கு இழுத்துப் போனாள். அவளுக்கு வெள்ளைக் கல் பிடித்தது. மஞ்சள் கறை போகாது என்றேன். கறுப்பைக் காட்டினார்கள். மாவு சிந்தினால் பளிச்சென்று தெரியும் என்றேன். அத்தனையும் உன் பேச்சு என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், அதற்குமேல் வாதாடவில்லை. சாம்பலில் மிளகு தூவியது போன்ற ஒரு கிரானைட்டை எடுத்தோம். மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் கல் உடைந்துவிடுமோ என்று, அதை ஏற்றிய வேனை முந்தாமல் பின்னாலேயே வந்தேன்.

கல்லை வைக்கிற அன்று இந்தக் கொத்தனார், "யாருண்ணே சமைக்கிறது? அவங்க வந்து நில்லுங்க" என்றார். இதை அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால்! நான் நகரவில்லை. மேடை உயரத்தைக் குறைத்து வைக்கச் சொன்னேன். ஸ்டெல்லா, "தெனமும் நிக்கப்போறது நீங்கதானப்பா, குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிரும்" என்றாள். சரி, பழைய உயரமே இருக்கட்டும் என்றேன். அரை மணி நேரத்தில் வேண்டாம் என்றேன். மறுபடியும் சரி என்றேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். சீசன் நேரம், சவாரிக்கு போன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை.

"ஒண்ணு சொல்லுங்கண்ணே, கலவை இறுகுது" என்றார் கொத்தனார்.

டிக்கியைத் திறந்து பலகையை எடுத்து வந்து தரையில் வைத்தேன். "இது எத்தனை அங்குலம் இருக்குன்னு அளங்க. பழைய உயரத்துல அம்புட்டையும் கழிச்சு வைங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டேப்பை எடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா சர்ச் முடிந்து சமைக்க வந்தாள். அவளும் உன் உயரம்தான். கேரட்டை எடுத்து வைத்துக்கொண்டு நின்றவளின் வலது கால், மேடைக்கு அடியில் பலகையைத் தேடியது. இங்கும் அங்கும் துழாவியது. அப்புறம் தரையிலேயே ஊன்றி நின்றாள். நறுக்க ஆரம்பித்தாள். பலகை வருவதற்கு முன் உன் தோள் ஏறிய மாதிரி அவள் தோள் காதுவரை ஏறவில்லை. திரும்பாமலே, "அம்மா இருந்திருக்கலாம்ப்பா" என்றாள்.

இருந்திருக்கலாம். என்னை மன்னித்துவிடு.

எனக்கு இப்போது தினமும் முதுகு வலிக்கிறது. தைலப் புட்டி நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. நானேதான் தேய்த்துக்கொள்கிறேன். வலிக்கிற இடத்துக்குக் கை எட்டவில்லை.