உன் அம்மாவுக்கு நான், என் அம்மாவுக்கு நீ

இன்று காலை பையைத் திறந்தேன், அறையெல்லாம் இலவம்பஞ்சு. நீ தைத்த அந்தப் பழுப்புத் துணி மார்பகம் ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது. கட்டி எப்படித் தட்டுப்படும் என்று காட்ட நீ உள்ளே வைத்த புளியங்கொட்டை உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. குனிந்து தேடும்போது உன் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் போய்விட்டாய்.

பயிற்சியில் நமக்கு முதலில் கொடுத்தது ரப்பரில் செய்த ரோஜா நிற மார்பகப் பொம்மை. சிறுமலையில், வாழைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் நடுவில் அதை எடுத்து வைத்ததும் ஓர் அக்கா கேட்டார்: "இது வெள்ளக்காரிக்கு வர்ற நோயா?" எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் தொடவில்லை. இறங்கி வரும் பஸ்ஸில் நீ அந்தப் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாய். அடுத்த வாரம் இந்தத் துணி மார்பகத்தோடு வந்து நின்றாய். "நம்ம நெறத்துல இருந்தாத்தான்டி நம்மளுதுன்னு தொடுவாக" என்றாய். தொட்டார்கள்.

முதுகலை சமூகப்பணி இரண்டாம் வருஷம் அது. ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத மக்களிடம் போய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசப் பழக்கும் பயிற்சி. மற்றவர்கள் கம்பெனிகளையும் அலுவலகங்களையும் தேடிக்கொள்ள, நாம் இரண்டு பேர்தான் அதற்குப் பெயர் கொடுத்தோம். நீ டவுனில் தோல் வியாபாரி வீட்டுப் பெண். நான் ஆத்தூர்ப் பக்கம் மல்லிகை போட்ட வீட்டுப் பெண். முதல் வருஷம் முழுக்க ஒரே வகுப்பில் இருந்தும் நாம் சரியாக முகம் பார்த்துப் பேசியதில்லை. நம்மைச் சேர்த்து வைத்தது பஸ்தான்.

நான் பேசினால் பாடம் நடத்துவது போல இருக்கும். நீ பேசினால் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வது போல இருக்கும். பாலசமுத்திரத்தில் ஒரு பெரியம்மா எழுந்து, "ஏனுங்க, எனக்கு வலிக்கவே இல்லீங்களே, அப்புறம் எதுக்குங்க போய்ப் பாக்கோணும்?" என்று கேட்டபோது நான் கையில் இருந்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீ சட்டென்று சொன்னாய்: "வலிக்காததுனாலதான் அத்தை நாங்க வந்து கேக்குறோம். வலிச்சா நீங்களே ஓடியிருவீங்களே, எங்களுக்கு என்ன வேல?" அந்தக் கூட்டம் சிரித்த சிரிப்பில் பாதிப் பேர் பரிசோதனைக்கு வர ஒத்துக்கொண்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். "பொறாமப்படு, ஆனா டீ வாங்கிக் குடு" என்றாய்.

பயிற்சியின் கடைசி வேலையில்தான் இரண்டு பேரும் மாட்டினோம். சொந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணையாவது பரிசோதனைக்கு அழைத்து வரவேண்டும் என்றார்கள். ஊரெல்லாம் பேசின நமக்கு வீட்டில் நாக்கு எழவில்லை. நான் என் அம்மாவிடம் ஆரம்பித்ததும், பூக்கூடையை வைத்துவிட்டு, "ஏண்டி, பெத்தவகிட்டப் பேசுற பேச்சா இது?" என்று எழுந்து போய்விட்டார். உன் கதை அதைவிட மோசம். உன் தெருவில் கூட்டம் என்றாலே என்னைப் பேசவிட்டு நீ அடுப்படியில் ஒளிந்துகொள்வாய். உன் அம்மா முன்னால் 'மார்பு' என்ற சொல்லைக்கூட உன்னால் சொல்ல முடியாது.

பஸ் ஸ்டாண்டில் நீதான் வழி கண்டுபிடித்தாய். "உங்கம்மாவ எனக்குக் குடு. எங்கம்மாவ நீ எடுத்துக்க."

நீ உன் பங்கை முடித்தாய். பூப்பறிக்கும் நேரத்துக்கே தோட்டத்துக்கு வந்து, என் அம்மாவோடு சேர்ந்து பறித்துக்கொண்டே பேசினாய். என்ன பேசினாய் என்று இன்றுவரை இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மா அக்குள் பக்கம் ஒரு கட்டியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அதை உன்னிடம் காட்டினார். மகளிடம் காட்டவில்லை. ஆபரேஷன் அன்று நான் வராந்தாவில் அழுதுகொண்டிருந்தேன், நீ கட்டில் பக்கத்தில் இருந்தாய். அம்மா இப்போதும் தோட்டத்துக்குப் போகிறார். சாயங்காலம் தொடுத்த பூவில் ஒரு முழம் எடுத்து, "அந்தப் புள்ளைக்கு" என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் தனியாக வைக்கிறார். உன் வீட்டில் இது தெரிந்தால் என்ன சொல்வார்களோ, எனக்குத் தெரியாது.

என் பங்குதான் நின்றுபோனது. உன் அம்மா மறுக்கவே மாட்டார். "நோம்பு முடியட்டும்மா" என்பார். நோன்பு முடிந்தால், "மச்சான் மக நிக்காஹ் வருது, முடியட்டும்." ஒவ்வொரு முறையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார். நான் வயிறு நிறைந்து, வந்த காரியம் நடக்காமல் திரும்புவேன். நீ வாசலில் நின்று சிரிப்பாய்.

பிறகு அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாம் படித்த நோய் இல்லை, கொசு கடித்து வந்த காய்ச்சல். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நம் பயிற்சியில் சொல்லித்தந்த எதுவும் அதற்கு உதவவில்லை.

உனக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த பிறகு நான் மறுபடி உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவிடம் கேட்டேன். இந்த முறை தள்ளிப்போடவில்லை. "அந்த நோய் வந்தா வந்துட்டுப் போகட்டும்மா. சீக்கிரம் அவகிட்டப் போயிருவேன்ல" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்த வகுப்பிலும் நமக்குச் சொல்லவில்லை. நீ இருந்தால் சொல்லியிருப்பாய். எழுந்து போகவும் மனசு வரவில்லை.

அவரே கேட்டார்: "ஊரு ஊராப் போயிப் பேசுனாளே, என்னதான் பேசுவா? நான் ஒரு நா கேட்டதில்லையே."

"நல்லாப் பேசுவாம்மா."

"எப்படி? அவ பேசுற மாதிரியே பேசிக் காட்டு."

பையில் துணி மார்பகம் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேசினேன். என் பாடத்தை இல்லை, உன் பேச்சை. உன் கை ஆட்டலோடு, நடுவில் நிறுத்தி ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பாயே அதோடு. எதிரே ஒரே ஒரு முகம்தான் இருந்தது. பாலசமுத்திரத்துப் பெரியம்மாவுக்குச் சொன்னதையும் சொன்னேன். "போய்ப் பாத்துட்டு வாங்க, இன்ஷா அல்லாஹ் ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் சின்னதுலயே புடிச்சிருவோம்" என்று நீ முடிப்பாயே, அதை அப்படியே சொல்லி முடித்தேன். என் குரல் கூடத்தில் மோதித் திரும்பியது. வெட்கமாக இருந்தது.

"இம்புட்டுச் சத்தமாவா பேசுவா?" என்றார் உன் அம்மா.

"ஆமாம்மா."

"வீட்ல வாயே தொறக்க மாட்டா, கழுத" என்று சிரித்தவர் அப்படியே அழுதார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துணி மார்பகத்தை வாங்கினார். விரல்களால் அழுத்தி, அந்தப் புளியங்கொட்டை இருக்கும் இடத்தை அவரே கண்டுபிடித்தார். அடுத்த திங்கட்கிழமை புர்கா போட்டுக்கொண்டு எனக்கு முன்னாலேயே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அதை நான் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "அப்ப இனிமே நீ வீட்டுக்கு வர மாட்டியா?" என்றார்.

உன்னிடம் சொல்லிக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு அதே வேலைதான், அதே ஊர்கள்தான். புதிதாகப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நல்ல பெண்கள், என்னை மேடம் என்கிறார்கள். கூட்டம் முடிந்து பஸ்ஸில் ஏறினால் எனக்குப் பக்கத்து சீட்டைக் காலியாக விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். இன்று எங்கே சொதப்பினாய் என்று கேட்டு என் தொடையில் தட்ட ஆள் இல்லை. மேடையில் என் வாயில் வருவது பாதிக்குமேல் உன் பேச்சு. எது நீ சொன்னது, எது நானாகச் சேர்த்தது என்று வரவர எனக்கே தெரியவில்லை. கேட்டுச் சரிபார்க்கவும் நீ இல்லை.

போன வெள்ளிக்கிழமை உன் அம்மா வரச் சொல்லியிருந்தார். ஜும்மா முடிந்து ஆண்கள் சாப்பிட்டுப் போன பிறகு போனேன். கூடத்தில் பாய் விரித்திருந்தது, ஒருவரும் இல்லை. எனக்கு மட்டும்தான் என்று நினைத்து உட்கார்ந்தேன். உன் அம்மா வாசலுக்குப் போய், தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுப்பது உள்ளே கேட்டது.

"ஏ புள்ள, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. எம் மக பேசப்போறா."

அவர் சொன்னது என்னை இல்லை, உன்னை. பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், உன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் எழுந்து, முடிந்தவரை சத்தமாக ஆரம்பித்தேன்.